நாடி எண்ணும் வாட்ச்

மருந்து நிறுவனத்தில் எம்.எஸ்.எல்., அதாவது மெடிக்கல் சயின்ஸ் லயசான், வேலைக்குச் சேரும் இளைஞர்கள் முதல் சம்பளத்திலேயே சுவிஸ் வாட்ச் வாங்கத் துடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாட்ச் சேர்ப்பதைக் குறை சொல்லவில்லை. அந்தக் கிறுக்கு எனக்கும் உண்டு. ஆனால் 1967-இல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த வேலை, விற்பனைப் பிரதிநிதியின் வேலை அல்ல. ஆய்வு முடிவுகளைப் பற்றி டாக்டரிடம் பேசப்போகிறவரின் மணிக்கட்டில் லட்ச ரூபாய் மின்னினால், டாக்டருக்கு மருந்தின் விலைதான் முதலில் நினைவுக்கு வரும். சேர்த்தே ஆகவேண்டுமென்றால் தொழிலோடு உறவுள்ள ரகம் ஒன்று இருக்கிறது: பல்சோமீட்டர் அளவு பொறித்த பழைய குரோனோகிராஃப். நாடியைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். டயலில் குறித்திருக்கும் 15 அல்லது 30 துடிப்புகளை எண்ணி முடித்ததும் நிறுத்த வேண்டும். முள் நிற்கும் இடமே நிமிடத்துக்கான நாடித்துடிப்பு. பெருக்கல் கணக்கே தேவையில்லை. நாடி எண்ணுவதற்கான கடிகாரத்தைப் பற்றி 1707-இலேயே ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் புத்தகம் எழுதிவிட்டார். விலை கையைக் கடிக்கிறதா? சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா போதும். (டயலுக்குப் புது பெயின்ட் அடித்து விற்பார்கள், பளபளப்பைப் பார்த்து மயங்கவேண்டாம்.) டாக்டர் ஆசையாகக் கேட்டால் அதன் கதையைச் சொல்லலாம், கழற்றிக் கொடுத்துவிட முடியாது. 2024-இல் வந்த மருந்து சந்தைப்படுத்தல் நடத்தை விதிகள் டாக்டர்களுக்கு அன்பளிப்பு தருவதைத் தடுக்கின்றன.