இறங்கும்போதும் அதே எடை

ஏர்பஸ் ஏ320 விமானம் சுமார் 78 டன் எடையோடு மேலே ஏறலாம். இறங்கும்போது 66 டன்னைத் தாண்டக் கூடாது. முழு பாரத்தோடு கிளம்பினால், இடையிலுள்ள 12 டன்னும் போகிற வழியில் எரிந்து தீர வேண்டிய எரிபொருள். மின் விமானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. சார்ஜ் முழுக்கத் தீர்ந்தாலும் பேட்டரியின் எடை அப்படியே இருக்கும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல லித்தியம் பேட்டரியில் கிலோவுக்கு 250 முதல் 300 வரைதான். ஜெட் எஞ்சின் பாதிக்கு மேல் வெப்பமாக வீணடிக்கிறது, மோட்டார் அப்படியில்லை. அதற்காக இரண்டு மடங்கு விட்டுக்கொடுத்தாலும், ஒரு கிலோ எரிபொருளுக்கு ஈடாக 20 கிலோ பேட்டரி வேண்டும். ஏ320 மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் குடிக்கும். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 50 டன் பேட்டரி. காலி விமானமே 40 டன்னுக்கு மேல். கூட்டினால் 78-ஐத் தாண்டிவிட்டது; இன்னும் ஒரு பயணிகூட ஏறவில்லை!

இது பழைய வழக்கு. 1884-இல் பிரான்சில் ரெனார், கிரெப்ஸ் என்ற இரு ராணுவ அதிகாரிகள் மின் மோட்டார் பூட்டிய 'லா பிரான்ஸ்' வான்கப்பலில் 8 கி.மீ. சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பினார்கள். 23 நிமிடப் பயணத்துக்கு 400 கிலோவுக்கு மேல் பேட்டரி. 2022-இல் அமெரிக்காவில் 9 பயணிகளுக்காக வடிவமைத்த 'ஆலிஸ்' மின் விமானம் 8 நிமிடம் பறந்தது, அதோடு சரி. பறக்கும் டாக்சி விடுவதாகச் சொன்ன ஜெர்மனியின் லிலியம், வோலோகாப்டர் இரண்டும் 2024 கடைசியில் திவால் மனு கொடுத்தன.

அப்படியானால் மின் விமானமே வீண் வேலையா? இல்லை. ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்யும் 'வெலிஸ் எலக்ட்ரோ'வைப் பாருங்கள். 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வகைச் சான்றிதழைப் பெற்றது. முழுக்க மின்சாரத்தில் ஓடும் விமானத்துக்கு உலகிலேயே அதுதான் முதல் சான்றிதழ். இரண்டே இருக்கை, மொத்தம் 600 கிலோ. பேட்டரி ஒன்று மூக்கில், மற்றொன்று இருக்கைக்குப் பின்னால். அவசர இருப்பைக் கழித்துவிட்டால் 50 நிமிடம் பறக்கும். ஊர்விட்டு ஊர் போக அது போதாது. ஓடுபாதையைச் சுற்றிவந்து, இறங்கி, மறுபடி ஏறிப் பழகும் மாணவருக்குத் தாராளம்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. காருக்கு ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-த்தோடு ஒழிந்தது. பயிற்சிப் பள்ளிகளின் பிஸ்டன் விமானங்களில் பல இன்றும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் ஓடுகின்றன. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன் தொடக்கப் பாடங்கள் ஓடுபாதையைச் சுற்றித்தான் நடக்கின்றன.

சென்னை ஐஐடியில் முளைத்த இபிளேன் நிறுவனமும் பறக்கும் டாக்சியைத்தான் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. ஜெயிக்கட்டும். ஆனால், மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் வான் டாக்சிகளுக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது பயிற்சிப் பள்ளிகளில் சார்ஜர் வைப்பதற்குக் காட்ட வேண்டும்.