திக்லிபூரிலிருந்து புறப்படும் ஆம்புலன்ஸும் நம் செவிலியப் பாடத்திட்டமும்

நோயாளிப் பாதுகாப்பு என்றால் என்ன என்று எந்தச் செவிலியக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும், மருந்து கொடுப்பதற்குரிய ஐந்து சரிகளைத் தயங்காமல் ஒப்பிப்பார்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இவை ஒரு செவிலியர், ஒரு நோயாளி, ஒரு கட்டில் என்னும் சிறு வட்டத்துக்குரிய விதிகள். நோயாளி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போது நேரும் பிழைகளுக்கு இவற்றில் விடை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் முன்வைத்த ஒன்பது பாதுகாப்புத் தீர்வுகளுள் பணி ஒப்படைப்பின்போது நடக்கும் தகவல் பரிமாற்றமும் ஒன்று. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் அது ஒரு மணி நேர விரிவுரையோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் குறையின் முழுப் பரிமாணத்தையும் காண விரும்புவோர் வடக்கு அந்தமானின் திக்லிபூரை நினைத்துப் பார்க்கலாம். அங்கே இருப்பது ஒரு சமுதாய நல மையம். நிலைமை கைமீறினால் நோயாளியை மாயாபந்தருக்கோ, சாலைவழியே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட் பிளேரின் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கோ அனுப்பியாக வேண்டும். இடையில் நடு நீரிணையை வாகனப் படகில் கடக்க வேண்டும். ஜாரவா காப்பகத்தின் ஊடாகவும் செல்ல வேண்டும். சில வேளைகளில் ஹெலிகாப்டர் கிடைக்கும். எந்த வழியில் சென்றாலும் ஒரே நோயாளி ஒரே நாளில் மூன்று நான்கு முறை கைமாறுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. கடும் இரத்த அழுத்தத்தோடு வரும் கர்ப்பிணிக்கு வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் தரப்படுகிறது. பிரிட்சார்டு முறைப்படி தொடக்க அளவு நரம்புவழி 4 கிராம், ஒவ்வொரு பிட்டத் தசையிலும் 5 கிராம், ஆக 14 கிராம். அதன்பின் நான்கு மணிக்கொரு முறை 5 கிராம். அதுவும் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டராவது வெளியேறுகிறதா என்று பார்த்த பிறகே. தொடக்க அளவு எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஒரு வரி பரிந்துரைச் சீட்டில் விடுபட்டால் அடுத்த மருத்துவமனையில் அதையே மீண்டும் கொடுத்துவிடக்கூடும். மூச்சுத் தசைகள் செயலிழக்கும். ‘அங்கேயே கொடுத்திருப்பார்கள்’ என்று எண்ணிக் கொடுக்காமல் விட்டால் வழியிலேயே வலிப்பு வரலாம். இங்கே ஐந்து சரிகளையும் பிழையின்றிக் கடைப்பிடித்த இரு செவிலியர்களுக்கு நடுவேதான் அந்தப் பெண்ணின் உயிர் ஊசலாடுகிறது. மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். அது அந்த ஆம்புலன்ஸில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்கச் சொல்லி யார் பழக்கினார்கள்?

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. திக்லிபூர், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேற்றப்பட்ட பகுதி. மண்டல், பிஸ்வாஸ் என்று ஒரே குடும்பப் பெயர் வீடுதோறும் வரும். அதே வட்டாரத்தில் ராஞ்சித் தொழிலாளர் வழிவந்தோரும் தமிழரும் தெலுங்கரும் வாழ்கின்றனர். பெயரோடு இன்னோர் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும் என்ற விதி, நூலில் படிக்கும்போது அலுப்பூட்டும் சடங்காகத் தோன்றும். இத்தகைய ஊரில் அதன் பொருள் உடனே விளங்கும்.

ஒப்படைப்பைக் கற்பிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. மூன்று மாணவர்களை மூன்று அறைகளில் அமர்த்தி, ஒருவரைத் திக்லிபூர் என்றும் ஒருவரை மாயாபந்தர் என்றும் ஒருவரைப் போர்ட் பிளேர் என்றும் கொள்ளலாம். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் முதலாமவர் தொலைபேசியில் சொல்ல, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். மூன்றாம் அறைக்கு வந்து சேர்ந்த தாளை முதல் தாளோடு ஒப்பிட்டால் எது தொலைந்தது என்று மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

இதைவிடக் கடினமான திறன் வாய் திறப்பது. மருத்துவர் சொன்ன அளவு தவறெனத் தோன்றும்போது ஒரு மாணவி என்ன சொற்களால் அதைச் சொல்வாள்? நம் வார்டுகளில் மறுகேள்வி மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அந்தப் பண்பாட்டை மாற்றாமல் ‘துணிந்து பேசு’ என்று மாணவிக்கு மட்டும் அறிவுரை கூறுவது, என் பார்வையில், பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

சட்டமும் அவளுக்குத் துணை நிற்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் அது நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரைதான். மருத்துவப் பதிவேட்டில் பெயருள்ளவரே பதிவுபெற்ற மருத்துவர் என்று விளக்கமும் தருகிறது. செவிலியரின் பெயர் இருப்பதோ வேறு பதிவேட்டில். ஒரே அறையில் ஒரே பிழையில் பங்குகொண்ட இருவருள் ஒருவருக்கு இரண்டு, மற்றவருக்கு ஐந்து. அமெரிக்காவின் டென்னசியில் 2017இல் மருந்து மாற்றிக் கொடுத்ததைத் தாமே முன்வந்து சொன்ன செவிலியரை 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. இவற்றை அறிந்த மாணவியிடம் ‘பிழையை மறைக்காதே’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

கல்லூரி அளவில் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. செய்முறைப் பயிற்சியின்போது நூலிழையில் தவிர்க்கப்பட்ட பிழைகளை மாணவர்கள் பெயரின்றி எழுதித் தரட்டும். அவை மாதம் ஒருமுறை வகுப்பில் விவாதிக்கப்படட்டும். எழுதியவர் யார் என்று ஆசிரியர் துருவக் கூடாது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவரே அந்தக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கினால் ஒருவரும் எழுதமாட்டார். ஆகவே அதை நடத்துபவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது.