பெருங்குடும்பமும் கூடாரமும்

வேனில் விடுமுறை வந்ததும் கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு முதலிய மலையிடங்களை நாடிச் செல்லுதல் நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றிற்கு வழக்கமாயிற்று. அக்காலத்தே விடுதி வாடகையும் மலைபோல் உயர்ந்துவிடுதலின், கூடாரம் ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு புறப்பட்டால் என்ன என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் எழுகின்றது. எழுந்தவுடன், வீட்டிலுள்ளோர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணி, அத்தொகைக்கேற்ற கூடாரத்தைத் தேடுவதே பெரும்பாலோர் செய்கை.

அவ்வாறு எண்ணித் தேர்தல் போதாது. குடும்பத்தில் வலிமை குன்றியவர் யாரோ, அவரை முன்னிறுத்தியே கூடாரம் தேரப்படல் வேண்டும். அவ்வாறு தேருமிடத்து, எட்டுப் பத்துப் பேர் கொண்ட குடும்பத்திற்கு ஒரு மாபெருங் கூடாரத்தினும் இரண்டு நடுத்தரக் கூடாரங்களே நலம் பயக்கும். இதுவே எனது துணிபு. கூடாரம் ஒரு பொருளா, அதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். பாட்டியும் கைக்குழந்தையும் நம்முடன் வருவரா, வீட்டில் விடப்படுவரா என்பது இத்தேர்விலேயே பெரிதும் முடிவாகின்றமையின், இது நகைத்தற்குரிய பொருளன்று என்க.

தமிழர்க்குக் கூடாரம் புதியதன்று. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, நூற்று மூன்றே அடிகளில், காட்டிடையே அமைத்த பாசறை ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. விற்களை ஊன்றிக் கயிற்றால் வலித்துக் கட்டிய இருக்கைகளும், அரசன் துயிலுதற்கெனத் திரையிட்டு இரண்டறையாகப் பகுத்த பள்ளியும் ஆண்டுப் பேசப்படுகின்றன. பிற்காலத்தே, 1905-ஆம் ஆண்டு முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் கூடாரமடித்து ஊர் ஊராய்ச் சலனப்படம் காட்டினார். நற்செய்திக் கூட்டங்கட்கும் வட்டக்காட்சிகட்கும் எழுந்த கித்தான் கொட்டகைகளை அறியாத ஊர் நம் நாட்டில் அரிது. ஆயினும் இவையெல்லாம் போர்வீரர் தங்கவும் கூட்டம் கூடவும் எழுந்தவை. நாம் கூடாரத்திற் கூடியிருக்கின்றோம். குடும்பமாகக் குடியிருந்து பழகினோமில்லை. அதனாலேயே அதனைத் தேர்வதில் அளவுகோல் அறியாது இடர்ப்படுகின்றோம்.

முதற்கண், கூடாரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றிச் சில சொல்வேன். ‘எட்டுப் பேர்க்கு உரியது’ என்றால், எட்டுப் பேர் தோளொடு தோள் உரசிப் படுக்கலாம் என்பதே பொருள். ஒருவர்க்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் என்று கணக்கிட்டே அவ்வெண் இடப்படுகின்றது. பெட்டிக்கும் செருப்புக்கும் குடிநீர்க்குடத்திற்கும் அக்கணக்கில் இடமில்லை. இவ்வழக்கம் படையிலும் இருந்தது. அமெரிக்கப் படைத்தலைவர் சிப்லி என்பார் 1856-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற கூம்புக் கூடாரத்தில், வீரர் பன்னிருவர் நடுக்கம்பத்தை நோக்கிக் கால்நீட்டி, சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கிடந்து உறங்குவர். வீரர்க்கு அது பொருந்தும். நள்ளிரவில் இருமுறை எழவேண்டிய தாத்தாவிற்கும், பால் குடிக்கும் குழந்தைக்கும் அது பொருந்துமா? ஆதலின், அச்சிட்ட எண்ணைப் பாதியாக்கிக் கொள்வதே அறிவுடைமை. எட்டு என்றால் நான்கு. ஆறு என்றால் மூன்று.

அடுத்தது உயரம். கவிந்த குடைபோன்ற சிறு கூடாரங்கள் விலை குறைந்தவை, தூக்கவும் எளியவை. ஆனால் அவை தவழ்ந்து நுழைவோர்க்கென ஆக்கப்பட்டவை. நம் இல்லத்துப் பெண்டிர் பலர் சேலை உடுப்பவர். முழந்தாளிட்டுக்கொண்டு சேலை உடுத்தல் இயலாது. கொசுவம் மடிக்க நிமிர்ந்து நிற்றல் வேண்டும். மூட்டுவலியுடைய முதியோர் தரையினின்று எழுதலும் அரிது. அவர்க்கு மடக்குக் கட்டில் வேண்டும். கட்டிலிடச் சுவர்கள் சாயாது நேராய் நிற்றல் வேண்டும். எனவே நடுவில் இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரமும், செங்குத்தான பக்கங்களும், கால் தடுக்காத வாயிலும் உடைய வீடுபோன்ற கூடாரமே முதியோர்க்கு உரியது. கடைக்காரர் முதலிற் காட்டுவது துணியின் நிறத்தை. நாம் முதலில் நோக்க வேண்டுவது வாயிலின் படியை.

இனி, ஒன்றா இரண்டா என்னும் வினாவிற்கு வருவோம். ‘ஒரே கூரையின்கீழ் எல்லோரும் உறங்குதலன்றோ குடும்ப ஒற்றுமை?’ என்று வினவுவோர் உளர். ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்க அவரை வேண்டுகின்றேன். தன் தெய்வச் சிலைகளைத் தேடிவந்த லாபான், யாக்கோபின் கூடாரத்திலும், லேயாளின் கூடாரத்திலும், வேலைக்காரிகள் இருவரின் கூடாரத்திலும், ராகேலின் கூடாரத்திலும் புகுந்து தேடினான் என்று ஆண்டுக் காண்கின்றோம். கூடாரவாழ்வையே வாழ்வாகக் கொண்ட அப்பெருங்குடும்பம் ஒரே கூடாரத்தில் அடைபட்டுக் கிடக்கவில்லை. அவர்க்கு அனுபவம் கற்பித்ததை நாம் புறக்கணிப்பானேன்?

காரணங்கள் வெளிப்படையானவை. ஏழு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் உடைய பெருங்கூடாரத்திற்கு, நாற்புறமும் கயிறு இழுத்துக் கட்டும் இடமும் சேர்ந்து, ஒரு சிறு வீட்டு மனையே வேண்டும். நம் மலைச்சரிவுகளில் அத்துணைச் சமநிலம் எளிதிற் கிட்டுவதன்று. இரண்டு சிறு திட்டுகள் எங்கும் கிடைக்கும். மேலும், பெருங்கூடாரத்தில் ஒரு கழி முறிந்தால் ஒன்பது பேரும் மழையில் நிற்பர். இரண்டாயின், ஒன்று மற்றதற்குப் புகலிடமாகும். குழந்தை அழுதால் எல்லோரும் விழிக்க நேராது. இளைஞர் நள்ளிரவு வரை பேசிச் சிரித்தால் முதியோர் துயில் கெடாது. ஆடவரும் பெண்டிரும் உடைமாற்றும் இடர்ப்பாடும் நீங்கும். இரண்டிற்கும் இடையே ஒரு தார்ப்பாயைப் பந்தலாகக் கட்டிவிடின், உண்பதும் உரையாடுவதும் மாலை ஜெபம் செய்வதும் அதன்கீழ் நிகழும். குடும்பம் ஒன்றுபடுவது உறங்கும்போதன்று, உண்ணும்போதும் வேண்டும்போதுமே.

இரண்டு வாங்கப் பணம் மிகுதியாகுமே எனின், அது மெய்யே. அதற்கு விடையும் உண்டு. முதியோர்க்கும் சிறு குழந்தைக்கும் உரியதை மட்டும் நல்லதாக வாங்குக. இளைஞர்க்குரியதை மலிவாக வாங்குக, அன்றி இரவல் பெறுக. இன்று பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: வாலிபன் தன் தோளுக்கும் தன் விருப்பிற்கும் ஏற்ப ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றான், பின்னர், ‘பாட்டியால் இதில் இருக்க முடியாது, அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று தீர்ப்பும் அவனே கூறுகின்றான். குற்றம் பாட்டியின் முழங்காலில் இல்லை. வாங்கியவன் கண்ணில் உள்ளது.

துணியைப் பற்றியும் ஆராய்தல் வேண்டும். பருத்திக் கித்தான் நனைந்ததும் நூல் பருத்து, இழைகளின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பாலைநிலத்து நாடோடிகள் வெள்ளாட்டு மயிரால் நெய்யும் கருங்கூடாரமும் இவ்வியல்பினதே. அதனுள் மூச்சுக்காற்றின் ஈரம் எளிதில் வெளியேறும். உள்ளே புழுக்கம் குறையும். ஆனால் எடை மிகுதி. ஐந்து மீட்டர் விட்டமுள்ள பருத்திக் கூடாரம் ஒன்று 30 கிலோகிராமுக்கு மேற்படும். ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துச் சில நாளிற் பாழாகும். பாலியெஸ்டர் துணியோ இலேசானது, விரைவில் உலர்வது, பூஞ்சணத்தால் இற்றுப்போகாதது. எனினும் நெடுநாள் வெயிலில் அதன் வலி குன்றும். ஒரு தீப்பொறி பட்டால் துளை விழும். காற்று வழி இல்லையேல் விடியலில் உட்புறம் முழுதும் நீர் முத்துகள் அரும்பி, கூரை ஒழுகியதோ என்று ஐயுறச் செய்யும். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் குளிரிரவில் இதனை நன்கு காணலாம்.

ஆகவே, ‘நனைந்த கூடாரத்தை ஊர் திரும்பியதும் உலர்த்துபவர் யார்?’ என்று வாங்குமுன்னரே கேட்டுக்கொள்க. மொட்டைமாடியும் அதனைத் தூக்கிச் செல்லும் கைகளும் உள்ள இல்லத்தார் பருத்தியை வாங்கலாம். கடற்கரை நகரில் சிற்றறை வீட்டில் வாழ்வோர் பாலியெஸ்டரை வாங்கி, மேலும் கீழும் காற்றுப் புழைகள் உளவா என்று பார்த்துக்கொள்வதே தக்கது. இரட்டைத் துணியாய், இடையே காற்று உலவ அமைந்தது சிறந்தது. மழைத்தாங்கு திறனை மில்லிமீட்டரில் குறிப்பர். 3,000 என்றால், மூன்று மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தை அத்துணி தாங்கும் என்பது பொருள். தரைவிரிக்கு இவ்வளவு மிகுந்திருத்தல் வேண்டும். உட்கார்ந்தும் முழந்தாளிட்டும் நாம் அதனை நிலத்தோடு அழுத்துகின்றோம் அன்றோ? தையல்களின் மேல் பட்டை ஒட்டப்படாவிடில் எந்த எண்ணும் பயன் தராது.

தம் கூடாரத்தின் இடத்தை விரிவாக்க விரும்புவோர் கயிறுகளை நீட்டி முளைகளையும் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று ஏசாயா தீர்க்கதரிசி 54-ஆம் அதிகாரத்தில் உணர்த்துகின்றார். ஆன்மப் பொருளில் கூறிய அது, கூடாரத் தொழிலின் நுட்பமும் ஆகும். விரிவை மட்டும் வாங்கி, கயிற்றையும் முளையையும் மறப்போர் பலர். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்மடங்காகும். கூடாரம் பெரிதாகுந்தோறும் அவ்விசையை ஏற்கும் பரப்பும் பெரிதாகும். பையில் இட்டுத் தரும் மெல்லிய கம்பி முளைகள் மழையில் நெகிழ்ந்த மலைமண்ணில் நில்லா. நீண்ட முளைகளைத் தனியே வாங்கி, கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாய்த்து அடித்து, வானம் தெளிவாயிருப்பினும் எல்லாக் கயிறுகளையும் கட்டிவிடுக. இரவில் தடுக்காதிருக்கக் கயிறுகளில் வெள்ளைத் துணி முடிந்துவைத்தலும் நன்று.

நெருப்பைப் பற்றி ஒரு சொல். கூடாரத்தினுள் அடுப்போ கரிச்சட்டியோ வைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. அவிந்தது போல் தோன்றும் கரியும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றை உமிழும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வெளியிலும் காடு வேனிலில் காய்ந்து நிற்கும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி மலையேறச் சென்றோர் பலர் மாண்டதை நாம் மறத்தலாகாது. ஆதலின் வனத்துறையினர் இசைவு பெற்ற இடத்திலன்றி வேறெங்கும் முளை அடித்தல் தகாது.

இறுதியாக ஒன்று. வெள்ளையர் ஆட்சியில் கலெக்டர்கள் சுற்றுப்பயணத்தில் தங்கிய பெருங்கூடாரங்களை நூல்களிற் படிக்கின்றோம். இரட்டைக் கூரையும் தனித்தனி அறைகளும் குளியலிடமும் உடையவை அவை. அவற்றை வண்டிகளில் ஏற்றவும், அடிக்கவும், பிரிக்கவும் கலாசிகள் எனப்பட்ட ஏவலர் கூட்டம் உடன் சென்றது. பெருங்கூடாரம் பணியாளர் பலத்தால் நின்றது. இன்று அக்கலாசிகளின் இடத்தில் நிற்பவர் யார்? ஆடவர் கூடாரம் அடித்துவிட்டுக் களைத்து அமர்ந்ததும், விறகும் நீரும் பாத்திரமும் படுக்கையும் அன்னையின் தலைமேல் விழுகின்றன. வீட்டு அடுக்களையை மலைமேல் மாற்றுவது அன்னைக்கு விடுமுறையாகுமா? எளிதில் எழும் கூடாரத்தைத் தேர்தல் அவளுக்குச் செய்யும் முதல் உதவி. அடித்தபின் சமையலிலும் பங்கு கொள்ளுதல் இரண்டாவது.

அப்போஸ்தலனாகிய பவுலும், ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் இருவரும் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் செய்து பிழைத்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அவர்போலத் துணி வெட்டித் தைக்கும் திறம் நமக்கு இல்லையெனினும், தைத்ததைத் தேரும் அறிவேனும் நமக்கு வேண்டும். நண்பர்களே, கடைக்குச் செல்லுங்கால் உங்கள் தோளின் அகலத்தை அளந்து செல்லாதீர்கள். பாட்டியின் கைத்தடியின் உயரத்தையும், அன்னையின் சேலைக் கொசுவத்தையும், தம்பியின் தொட்டிலையும் அளந்துகொண்டு செல்லுங்கள். அம்மூன்றும் அடங்கும் கூடாரத்தில் நமக்கும் இடம் தானே கிடைக்கும்.