"சேவைக்குச் சம்பளமா?" என்று கேட்கும் சீமான்களே!

முனிசிபல் கவுன்சிலருக்கும் பஞ்சாயத்து மெம்பருக்கும் மாதப் படி என்ற பேச்சு எழுந்தால் போதும், உடனே ஒரு கூச்சல் கிளம்புகிறது. "மக்கள் சேவைக்குச் சம்பளமா? அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் கைக்காசைப் போட்டு ஊருக்கு உழைத்தார்களே!" என்று புலம்புகிறார்கள்.

கூச்சல் போடுவது யார் என்று பாருங்கள். நெல் மண்டிக்காரர், ரைஸ் மில் முதலாளி, பெரும் பண்ணையார், ரோடு காண்டிராக்டர். கவுன்சில் கூட்டத்துக்குப் போவதால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? மண்டியைக் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார். வயலைக் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார். முதலாளி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் அவருடைய பணம் வட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் கவுன்சிலரானால் என்ன ஆகும்? கூட்டம் பகலில் நடக்கும். ஷிப்டை விட்டால் அன்றைய சம்பளம் போயிற்று. மாதம் நாலு நாள் விட்டால் மேஸ்திரியின் முறைப்பு. மேலும் விட்டால் வேலைக்கே ஆபத்து. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண் வார்டு மெம்பரானால் என்ன ஆகும்? குழாயில் தண்ணீர் வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஆபீஸ் வாசலில் ஒரு நாள். அந்த ஒவ்வொரு நாளும் அவர் வீட்டில் கூலி வராத நாள்.

ஆகவே, 'சம்பளமில்லாத சேவை' என்பது தர்மம் அல்ல; அது ஒரு வேலி. ஏழை உள்ளே வராதபடி பணக்காரர் போட்டுவைத்த வேலி!

1993-ல் அமலுக்கு வந்த 73-வது, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஸ்தல ஸ்தாபனங்களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கின. 2016-ல் தமிழ்நாட்டுச் சட்டம் பெண்களுக்குப் பாதி இடம் என்றது. நல்லது. ஆனால் நாற்காலியைக் கொடுத்தவர்கள், அதில் உட்காருகிறவர் எதைச் சாப்பிடுவார் என்று யோசித்தார்களா? கூலியை இழந்த மெம்பருக்குப் பண்ணையார் கடன் கொடுப்பார். காண்டிராக்டர் பஸ் சார்ஜ் கொடுப்பார். பிறகு அவர்கள் சொன்ன தீர்மானத்துக்குக் கை தூக்கவேண்டியதுதான்! மக்கள் கொடுக்க மறுக்கும் படியைக் காண்டிராக்டர் கொடுப்பார். மக்களிடமிருந்தே பத்து மடங்காக வசூலிப்பார்.

இது புதிய சண்டையும் அல்ல. 1838-ல் இங்கிலாந்துத் தொழிலாளிகள் எழுப்பிய மக்கள் சாசனத்தில் ஆறு கோரிக்கைகள். பார்லிமெண்ட் மெம்பருக்குச் சம்பளம் வேண்டும் என்பது அதில் ஒன்று. 73 வருஷம் கழித்து, 1911-ல்தான் ஆண்டுக்கு 400 பவுன் கிடைத்தது. நகர, ஜில்லா கவுன்சிலர்கள் இழந்த கூலிக்கு ஈடு தரும் சட்டம் அங்கே 1948-ல்தான் வந்தது. பிரபுக்கள் சும்மா கொடுத்துவிடவில்லை!

மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. 1871-ல் பாரிஸ் நகரத் தொழிலாளிகள் வார்டு வார்டாகத் தேர்ந்தெடுத்த கம்யூன், எந்த உத்தியோகஸ்தருக்கும் ஆண்டுக்கு 6,000 பிராங்குக்கு மேல் சம்பளம் கூடாது என்று உத்தரவு போட்டது. கூலி உண்டு, கொள்ளை கிடையாது என்பதே அதன் பொருள்.

இந்த இரண்டு பாடங்களையும் வைத்துக்கொண்டு நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். 2023 ஜூலை முதல் நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனங்களில் மாத மதிப்பூதியம் என்று தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. மாநகராட்சி மேயருக்கு 30,000 ரூபாய், கவுன்சிலருக்கு 10,000. நகராட்சி கவுன்சிலருக்கு 5,000. பேரூராட்சி கவுன்சிலருக்கு 2,500. மாதப் படி என்ற கொள்கையை ஒப்புக்கொண்டதை வரவேற்கிறோம். ஆனால் அளவு?

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 294 ரூபாய். பேரூராட்சி கவுன்சிலரின் 2,500 ரூபாய் ஒன்பது நாள் கூலிக்குக் கூடக் காணாது! 2022 தேர்தலில் இருந்த 12,838 நகர்ப்புற வார்டுகளில் 7,621 பேரூராட்சி வார்டுகள். ஆகப் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மிகக் குறைந்த படி. விவசாயத் தொழிலாளி ஜெயித்து வரக்கூடிய வார்டுகள் பெரும்பாலும் இவைதான். சட்டசபை மெம்பருக்கோ 2017 ஜூலை முதல் மாதம் 1,05,000 ரூபாய். அதாவது அதே 294 ரூபாய்க் கணக்கில் 357 நாள் கூலி, ஒரே மாதத்தில்!

"கஜானாவில் பணம் எங்கே?" என்று கேட்கிறார்கள். சட்டசபை மெம்பருக்கு 55,000-லிருந்து 1,05,000 ஆக ஒரே தாவலில் உயர்த்தியபோது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது?

நாம் கேட்பது தெளிவானது. கவுன்சிலரின் படியைக் கவுன்சிலரே நிர்ணயிக்க வேண்டாம். மந்திரியின் தயவுக்கும் விட வேண்டாம். விவசாயத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோடு அதைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். கூட்டத்துக்கும் வார்டு வேலைக்கும் போகிற நாளுக்கு அந்தக் கூலி, போகவரச் செலவு. அதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம். மேயருக்கும் ஒரு உச்சவரம்பு போடுங்கள். ஆலைத் தொழிலாளி கூட்டத்துக்குப் போனால் வேலை போகாது என்று சட்டம் செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மாதாமாதம் ஆபீஸ் சுவரில் எழுதிப் போடுங்கள்; கிராம சபையில் உரக்கப் படியுங்கள்.

இப்படிக் கட்டிவிட்டால் என்ன நடக்கும்? தொழிலாளியின் கூலி ஏறினால்தான் கவுன்சிலரின் படி ஏறும். கூலி உயர்வுக் கோரிக்கை வரும்போது எந்தப் பிரதிநிதியும் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டைக் கண்டு யார் பயப்படுவார்கள் என்பதை உழைப்பாளி மக்கள் அறிவார்கள்.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "எங்கள் கூலியை உங்கள் படியாக ஒப்புக்கொள்வீர்களா?"