42,000 யூரோ விலையுள்ள விடுதலை

மால்டா தீவின் டிஜிட்டல் நாடோடி வசிப்பு அனுமதியைப் புகழ்ந்து சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்து முடித்ததும் இரண்டு கேள்விகள் எழுந்தன. அந்த அனுமதியின் விதிகளைக் கட்டுரையாளர் ஒரு தடவையாவது படித்தாரா? படித்திருந்தால், அவற்றில் பாதியை வாசகரிடமிருந்து ஏன் மறைத்தார்? தேசம் என்ற கற்பிதம் தகர்கிறது, மடிக்கணினி ஏந்திய தமிழ் இளைஞன் எல்லைகளைக் கடந்த மனிதனாகிறான், மத்தியதரைக் கடல் அவனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்றெல்லாம் புல்லரிக்க எழுதிக்கொண்டே போகிறவர், அந்தக் கதவில் தொங்கும் விலைச்சீட்டை மட்டும் எங்குமே படித்துக் காட்டவில்லை. இந்த இதழின் வாசகர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். அவர்கள் காதில் பூச்சுற்ற வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் தேவைப்படும். அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: திறமையும் இணைய இணைப்பும் உள்ள யாருக்கும் இந்த வாய்ப்பு உண்டு. யாருக்கும்? ரெசிடென்சி மால்டா ஏஜென்சி 2021 ஜூனில் இந்த அனுமதியைத் தொடங்கியபோது கேட்ட வருமானம் மாதம் 2,700 யூரோ. 2024 ஏப்ரல் முதல் அது ஆண்டுக்கு 42,000 யூரோவாக உயர்ந்துவிட்டது. இன்றைய மாற்று விகிதத்தில் 40 லட்சம் ரூபாய்க்கும் மேல். சென்னையிலோ கோவையிலோ மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர்களில் எத்தனை பேர் இந்தத் தொகையைச் சம்பளமாகப் பார்த்திருக்கிறார்கள்? 2025 இல் மால்டாவின் குறைந்தபட்ச வாரக்கூலி 221.78 யூரோ, ஆண்டுக்குக் கணக்கிட்டால் 11,500 யூரோவை ஒட்டி வரும். ஆக அந்தத் தீவு தன் கடைநிலைத் தொழிலாளிக்கு எது போதும் என்று சட்டம் எழுதியிருக்கிறதோ, அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் சம்பாதிப்பவரைத்தான் ‘நாடோடி’ என்று வரவேற்கிறது. இவ்வளவையும் மறைத்து ‘யாருக்கும்’ என்று எழுதும் அதே பேனா, இரண்டு பத்தி தள்ளி, இந்த அனுமதி தரமானவர்களை மட்டும் வடிகட்டி எடுக்கிறது என்று மெச்சுகிறது. எல்லாரையும் அனுமதிக்கும் வடிகட்டி எந்த ஊரில் விற்கிறது?

இரண்டாம் வாதம் இன்னும் வேடிக்கை. இந்த அனுமதி மனிதனை முதலாளியிடமிருந்தும் அலுவலகத்திலிருந்தும் அரசாங்கக் காகிதத்திலிருந்தும் விடுவிக்கிறதாம். விதி என்ன சொல்கிறது? விண்ணப்பிப்பவர் மூன்று வகையில் ஒன்றில் அடங்க வேண்டும்: மால்டாவுக்கு வெளியே பதிவான நிறுவனத்தின் ஊழியர், அப்படிப்பட்ட நிறுவனத்தின் உரிமையாளர் அல்லது பங்குதாரர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் சுயதொழிலர். மூவருக்கும் வேலையையோ தொழிலையோ நிரூபிக்கும் ஆவணம் வேண்டும், வங்கிக் கணக்கு விவரம் வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பில் தேற வேண்டும், தீவில் வீடு பிடித்ததற்கான ஆவணம் வேண்டும். ஆளுக்கு 300 யூரோ விண்ணப்பக் கட்டணம். அனுமதியின் ஆயுள் ஓராண்டு. புதுப்பிக்க வேண்டுமென்றால், முந்தைய 12 மாதங்களில் மொத்தம் 5 மாதமாவது தீவிலேயே இருந்திருக்க வேண்டும். வேலை போனால் அனுமதியின் அடித்தளமே போயிற்று. முதலாளியின் ஒப்பமில்லாமல் ஊழியர் வாசற்படியே ஏற முடியாத ஒன்றை முதலாளியிடமிருந்து விடுதலை என்று வர்ணிக்க, ஒன்று விதிகளைப் படிக்காத வெகுளித்தனம் வேண்டும், இல்லையென்றால் வாசகர் படிக்கமாட்டார் என்ற மெத்தனம் வேண்டும். கட்டுரையாளர் வெகுளி என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாக வரி. வரியற்ற சொர்க்கம் என்று அவர் எழுதியது அரை உண்மை. அரை உண்மையைக் கொண்டு முழுப் பொய்யைவிட அதிகம் பேரை ஏமாற்றலாம். 2023 இல் வெளியான வருமான வரி விதிகளின்படி, அனுமதி பெற்ற தொலைதூர வேலையிலிருந்து வரும் வருமானத்துக்கு முதல் 12 மாதம் மால்டா வரி கேட்பதில்லை. அதன்பின் 10 விழுக்காடு. இது மால்டாவின் கணக்கு. இந்தியாவின் கணக்கைக் கட்டுரையாளர் எங்கே தொலைத்தார்? இந்தியாவில் பெறப்படும் வருமானத்துக்கு, பெறுகிறவர் வெளிநாட்டுவாசியாகவே இருந்தாலும், இந்திய வருமான வரிச் சட்டம் வரி விதிக்கிறது. சம்பளம் சென்னை வங்கிக் கணக்கில் வந்து விழுந்துகொண்டிருக்கும்போது மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில் உட்கார்ந்து நான் வரிக்கு அப்பாற்பட்டவன் என்று சொல்லிக்கொண்டால் அந்தச் சட்டம் தலையாட்டிவிடாது. இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, உண்மைதான். அதைக் காட்டி விலக்குக் கேட்க மால்டாவின் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு வரி, ஒரேயொரு வரி எழுதியிருந்தால் அவருடைய சொர்க்கத்தின் பளபளப்பு மங்கியிருக்கும். அதனால்தான் எழுதவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது.

நான்காவது வாதம்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் இதை நம்பித்தான் நம் பிள்ளைகள் வேலையையும் சேமிப்பையும் பணயம் வைப்பார்கள். ஐரோப்பாவில் காலூன்ற இது முதல் படி, நிரந்தர வசிப்பும் குடியுரிமையும் இதைத் தொடர்ந்து வரும் என்கிறார். சின்னக் கணக்கு ஒன்று போடலாம். நாடோடி அனுமதியை மூன்று முறை புதுப்பிக்கலாம். உச்சபட்சம் 4 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆம் ஆண்டு நெறிமுறை, மூன்றாம் நாட்டவர், அதாவது ஒன்றியத்தைச் சேராத நாட்டவர், நீண்டகால வசிப்புரிமை கோரக் கேட்பது தொடர்ச்சியாக 5 ஆண்டு. நான்கில் முடிகிற ஏணியை ஐந்தாம் மாடியில் சாத்திவைத்து ஏறச் சொல்கிறவரை என்னவென்று அழைப்பது? ஐரோப்பா முழுவதும் சுற்றலாம் என்று அவர் ஆசைகாட்டுவதும் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்கு 90 நாள் என்ற வரம்புக்கு உட்பட்டதுதான். சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கும் அதே வரம்புதான்.

குடியுரிமையை மால்டா விற்றதே இல்லையா என்று கேட்டால், விற்றது. 2014 இல் கடை திறந்தது. 2020 க்குப் பிந்தைய திட்டத்தில், மூன்றாண்டு வசிப்போடு 6,00,000 யூரோ, ஓராண்டே போதுமென்றால் 7,50,000 யூரோ; வீடும் நன்கொடையும் தனி. இந்தக் கடவுச்சீட்டு வணிகத்தைத் தொடர்ந்து அம்பலப்படுத்தி எழுதியவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிட்சியா. 2017 அக்டோபர் 16 அன்று அவருடைய காரில் குண்டு வைத்துக் கொன்றார்கள். 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், குடியுரிமையை வணிகப் பரிவர்த்தனையாக்கியது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. லட்சக்கணக்கான யூரோ கொட்டியவர்களுக்கே அந்தக் கடை மூடிவிட்டது. 300 யூரோ கட்டணம் கட்டியவருக்குப் பின்வாசல் திறக்கும் என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? ஆதாரம் இல்லை; ஆசை இருக்கிறது, அந்த ஆசையைக் காசாக்கும் அவசரம் இருக்கிறது.

ஐந்தாவது: நாடோடிகள் தீவுக்குச் செல்வம் கொண்டுவருகிறார்கள், உள்ளூர்க்காரர் எவருடைய வேலையையும் பறிப்பதில்லை, ஆகவே இதில் பாதிக்கப்படுகிறவர் யாருமில்லை. வேலையைப் பறிப்பதில்லை, சரி. வீட்டை? மால்டா நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 4,17,432 ஆக இருந்த மக்கள்தொகை, 2021 இல் 5,19,562. அவர்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ், க்சீரா பகுதிகளில் பழைய சுண்ணாம்புக்கல் வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டும் கிரேன்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும். வாடகை ஏறியதற்கு நாடோடிகள் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்லவில்லை. சூதாட்ட நிறுவனங்களும் சுற்றுலாவும் கட்டுமான முதலாளிகளும் அதற்கு முன்பே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் 42,000 யூரோவுக்குக் குறைந்தவர் வராதே என்று வடிகட்டி அழைத்துவரும் ஒரு கூட்டம் வாடகைச் சந்தையில் எவரையும் நெருக்காது என்று சாதிக்கப் பொருளியலை மட்டுமல்ல, கூட்டல் கழித்தலையும் மறந்திருக்க வேண்டும்.

அவருடைய கட்டுரையில் ஒரு மனிதன் வரவே இல்லை. அதே க்சீரா தெருவில், நாடோடியின் வீட்டு வாசலுக்கு ஸ்கூட்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவருகிறானே, அவன். பல நேரம் அவன் இந்தியன். அவனும் மூன்றாம் நாட்டவன்தான், அவனும் அனுமதி பெற்றுத்தான் அங்கே இருக்கிறான்; ஆனால் அவனுடைய அனுமதி வேறு, அதற்கு ஒற்றை அனுமதி என்று பெயர். அது அவனை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிறது. வேலை போனால் வேறு வேலை தேட அண்மைக் காலம் வரை கொடுத்த அவகாசம் 10 நாள். 2025 இல் வந்த கொள்கைதான் அதை நீட்டித்தது. அதே ஆண்டு புதிய ஒற்றை அனுமதிக்கான கட்டணம் 600 யூரோ ஆயிற்று. நாடோடி கட்டுவதைப்போல இரண்டு மடங்கு! முறையான ஊழியனாக இருந்தால், சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பாக அவனுடைய அடிப்படைச் சம்பளத்தில் 10 விழுக்காடு முதல் வாரத்திலிருந்தே பிடித்தமாகிறது. நாடோடிக்கோ முதலாண்டு வரி சுழியம். மனைவி பிள்ளையை அழைத்துவர வேண்டுமென்றால், குடும்ப இணைவு விதிகள் அவனிடம் நாட்டின் சராசரிச் சம்பளத்தையும், ஒவ்வொரு ஆளுக்கும் அதன்மேல் 20 விழுக்காட்டையும் கேட்கின்றன. நாடோடி தன் குடும்பத்தாருக்கும் கையோடு விண்ணப்பித்துவிடலாம்.

மின்கட்டணச் சீட்டில்கூட இந்தப் பாகுபாட்டைத் தொட்டுப் பார்க்கலாம். மால்டாவில் வீட்டில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைப் படிவத்தில் பதிந்தால்தான் ‘ரெசிடென்ஷியல்’ என்ற குறைந்த கட்டணம். பதியாவிட்டால் ‘டொமெஸ்டிக்’ என்ற கூடிய கட்டணம். பதிந்து தர மறுக்கும் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க, ஓர் அறையில் கட்டிலைப் பங்குபோட்டுப் படுக்கும் தொழிலாளிக்குத் தெம்பு ஏது? கட்டுரையாளர் இவனைப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார். பார்த்தும் எழுதவில்லை, ஏனென்றால் இவன் உள்ளே வந்தால் எல்லைகள் அழிகின்றன என்ற அவருடைய ஆரவாரம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஒரே தீவு, ஒரே தெரு, ஒரே கடவுச்சீட்டு வைத்திருக்கும் இரண்டு இந்தியர்கள், இரண்டு வெவ்வேறு சட்டங்கள். எல்லை விமான நிலையத்திலிருந்து கிளம்பிச் சம்பளச் சீட்டுக்குள் புகுந்துகொண்டது. அதைத்தான் இவர் எல்லையின்மை என்கிறார்.

கடைசியாக, இத்தனைக்கும் மேல் ஒரு கிரீடம் வைப்பதாக நினைத்துக் கணியன் பூங்குன்றனை இழுத்து வந்திருக்கிறார். புறநானூற்று 192 ஆம் பாடலின் தொடக்கத்தை மேடையில் முழங்குகிறவர்கள் அதன் முடிவைப் படிப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் பழைய வியாதி. அது கட்டுரையாளருக்கும் தொற்றியிருக்கிறது. அந்தப் பாடல், மனித வாழ்வு ஆற்றுநீரில் போகும் தெப்பம்போலத் தன்போக்கில் செல்வது என்று தெளிந்து, ஆகவே பெருமையுடையவரைக் கண்டு மலைக்கவும் வேண்டாம், எளியவரைத் தாழ்த்தவே வேண்டாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. 42,000 யூரோ உள்ளவனுக்குச் சிவப்புக் கம்பளமும் 11,500 யூரோ உள்ளவனுக்குக் கழுத்துக் கயிறும் கொடுக்கிற ஒரு ஏற்பாட்டுக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தராசை உடைத்துப் போட்ட புலவனைச் சாட்சிக்கு அழைப்பது அறியாமையா, அத்துமீறலா?

உள்நோக்கம் என்னவென்று கேட்பவர்களுக்கு அந்தக் கட்டுரையின் இறுதிப் பத்தியே பதில் சொல்கிறது. விண்ணப்பம் சிக்கலானது, தக்க ஆலோசகரின் துணையை நாடுங்கள் என்று அறிவுரை கூறி முடிக்கிறார். முதல் பக்கத்தில் காகிதத்திலிருந்து விடுதலை, கடைசிப் பக்கத்தில் காகிதம் நிரப்பத் தரகர்! நாடோடி அனுமதிக்கு எந்தத் தரகரும் இல்லாமல் ரெசிடென்சி மால்டா ஏஜென்சியிடம் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு தகவலைச் சொல்லியிருந்தால் வாசகர் ஒருவரின் பணமாவது மிஞ்சியிருக்கும்.

தகுதியுள்ளவர் இந்த அனுமதியைப் பெற்று நாலு வருடம் மால்டாவில் வாழ்ந்துவிட்டு வரட்டும். அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் போகிறவர் தெரிந்து போக வேண்டும்: இது வருமானத்துக்குக் கொடுக்கப்படும் தற்காலிகச் சலுகை, குடியேற்றம் அல்ல, வரி இரண்டு நாட்டிலும் கேள்வி கேட்கும், அந்தத் தீவில் நம்மைப் போன்ற முகமுள்ள இன்னொருவனுக்கு இதே சலுகை மறுக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு இந்த அனுமதியைப் புகழ்கிறவரோடு நான் உட்கார்ந்து விவாதிக்கத் தயார். மூன்றையும் மறைத்துவிட்டு விடுதலை, எல்லையின்மை, பூங்குன்றன் என்று அடுக்குகிறவர், அடுத்த இதழில் முதலில் அந்த 42,000 என்ற எண்ணை அச்சிடட்டும். தத்துவத்தை அதற்குப் பிறகு பேசலாம்.