சக்கைக்கும் ஒரு கணக்கு!

பி.காம். படித்ததில் எனக்கு நன்றாக ஞாபகமிருப்பது இதுதான்: எண்ணெய் ஆட்டினால் பிண்ணாக்கையும் விற்று வரவில் எழுத வேண்டும். அப்படியிருக்க, காபி ஃபில்டரில் மிஞ்சும் சக்கையை மட்டும் ஏன் குப்பைக் கணக்கில் எழுதுகிறோம்?

பக்கத்து வீட்டு அக்கா அதை ரோஜாத் தொட்டியில் ஈரத்தோடு கனமாக அப்பிவிட்டு, "தம்பி, தண்ணி ஊத்துனா உள்ள இறங்க மாட்டேங்கு!" என்றார். எப்படி இறங்கும்? நைஸான தூள் காய்ந்தால் ஏடு கட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கிற காஃபீன் இளநாற்றுக்கு ஆகவும் ஆகாது. நூற்றுக்கு 2 பங்கு போல நைட்ரஜன் இருப்பது வாஸ்தவம். ஆனால் மக்கினால்தான் செடிக்குக் கிடைக்கும். காய்ந்த சருகோடு கலந்து சில மாதம் மக்கவிட்டுப் போடணும். எங்கள் ஆறுமுகநேரி உப்பளத்து ஊர். உப்புத் தண்ணிக்கு இது மருந்தில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

சீலா மீன் நறுக்கின கையில் கொஞ்சம் சக்கை தேய்த்துக் கழுவினால் வாடை குறையும். ஃபிரிட்ஜ் நாற்றத்துக்கு ஒரு கிண்ணத்தில் வைக்கலாம். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகு. ஈரமாக வைத்தால் பூஞ்சணம்தான் குடிவரும். பிசுக்குப் பிடித்த இரும்புச் சட்டியைத் தேய்க்கலாம். நான்ஸ்டிக் பக்கம் போகாதீர்கள், கோடு விழும். சிங்க்கில் மட்டும் கொட்டவே வேண்டாம். குழாய் அடைத்தால் பிளம்பர் கூலிக்கு ஒரு கிலோ பீபரி வாங்கிவிடலாம்!

ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். மெல்போர்ன் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார், ஆக்சிஜன் இல்லாமல் 350 டிகிரியில் சக்கையைக் கரியாக்கி, கான்கிரீட் மணலில் 15 சதவிகிதத்துக்குப் பதிலாகச் சேர்த்தார்களாம். வலு சுமார் 30 சதவிகிதம் கூடியது என்று 2023-ல் அறிவித்தார்கள். நம் வீட்டு ஃபில்டரை நம்பி மாடி எழுப்ப முடியாது, சார்!

நம் வீடுகளில் சக்கைக்கு ஆதிகாலத்து உபயோகம் வேறு. அதுதான் ரெண்டாம் டிகாஷன்! முதலாவது விருந்தாளிக்கும் ஆபீஸ் போகிறவருக்கும். மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கின மங்கல் தண்ணி, காபி போட்டவருக்கு. எங்கள் அம்மா 30 வருஷம் அதைத்தான் குடித்தார். கேட்டால், "எனக்கு இதுதான்யா பிடிக்கும்" என்பார். ஒருநாள் முதல் டிகாஷனில் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

ஆகவே மகா ஜனங்களே, சக்கையை ரோஜாவுக்குப் போடுங்கள், சட்டிக்குத் தேயுங்கள். ரெண்டாம் தண்ணி மட்டும் ஊற்றாதீர்கள். ஊற்றினால், நீங்களே குடியுங்கள்!