எந்த எழுத்து? யாருக்கான எழுத்து?

சான்பாடாவிலிருந்து பன்வேல் செல்லும் ஹார்பர் ரயில் சிறிது நேரத்தில் கார்கர் நிலையத்தை அடைந்துவிடும். அந்தப் பக்கத்தில்தான் தலோஜா மத்தியச் சிறை இருக்கிறது. திருச்சி மண்ணில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி அங்குதான் அடைக்கப்பட்டிருந்தார். பீமா கோரேகான் வழக்கில், ஊபா சட்டத்தின் கீழ், 2020 அக்டோபர் 8 அன்று கைதானவர் அவர். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிய அம்முதியவர், தண்ணீர் பருக ஓர் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, விசாரணைக் கைதியாகவே, பாந்த்ரா மருத்துவமனை ஒன்றில் தமது 84ஆம் வயதில் மறைந்தார்.

விவிலியத்தை எழுத்துக்கு எழுத்து வாசிப்போர் இத்தகைய வாழ்வை எவ்வாறு மதிப்பிடுவர்? ரோமருக்கு எழுதப்பட்ட மடலின் 13ஆம் அதிகாரம் ஆளும் அதிகாரத்துக்கு அடங்கச் சொல்கிறது. அதன்படி அவர் கீழ்ப்படியாதவர். லூக்கா நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்திலோ இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் சிறைப்பட்டோருக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் விடுதலையை அறிவிக்கிறார். அதன்படி அவர் உண்மைச் சீடர். நூல் ஒன்றுதான், தீர்ப்புகள் இரண்டு. எழுத்து தானாகப் பேசுவதில்லை. அதைத் தேர்ந்தெடுத்து வாசிப்பவரே அதன் வழியே பேசுகிறார்.

இவ்வுண்மையை முதலில் உரைத்தவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்லர். தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் ஆங்கிலிக்கன் ஆயராக இருந்த ஜான் வில்லியம் கொலென்சோ விவிலியத்தை ஜூலு மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெருவெள்ளக் கதையை எட்டியபோது, உடனிருந்து உதவிய ஜூலு மனிதர், இவையெல்லாம் உண்மையிலேயே நடந்தனவா என்று வினவினார். மனமறிந்து ஆமென்று கூற ஆயரால் இயலவில்லை. மோசேயின் நூல்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து 1862இல் அவர் நூல் வெளியிடத் தொடங்கினார். மறு ஆண்டே திருச்சபைத் தலைமை அவரைப் பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஆனால் 1879இல் பிரிட்டன் ஜூலு மக்கள்மீது போர் தொடுத்தபோது, அதைக் கண்டித்தவர் அதே கொலென்சோதான். காலனி மக்களின் கேள்விக்குச் செவிசாய்த்தவர் அம்மக்களின் நியாயத்துக்கும் செவிசாய்த்தார்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட காலம் தொட்டு, தமிழ் விவிலியம் பலமுறை மாற்றிப் பெயர்க்கப்பட்டுள்ளது. இறைவனைக் குறிக்கும் சொல்லே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என மாறி வந்தது. இவற்றுள் மாறாத எழுத்து எது?

எபேசியருக்கு எழுதப்பட்ட மடலின் 6ஆம் அதிகாரத்தை நோக்குவோம். எசமானர்களுக்கு அஞ்சிக் கீழ்ப்படியுமாறு அங்கே அறிவுறுத்தப்படுவோர், கிரேக்க மூலத்தின்படி அடிமைகள்; ரோமப் பேரரசில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள். இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அச்சொல் 'வேலைக்காரர்' ஆகிவிட்டது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கதை இதுதான். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பே 'அடிமைகள்' என்ற சொல்லை மீட்டது.

இது அகராதித் தகராறு அன்று. அமெரிக்கத் தோட்ட முதலாளிகள் இவ்வசனத்தை அடிமைகளுக்குப் போதித்தனர். இன்று துர்பேயிலோ வாஷியிலோ மூட்டை சுமக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் 'வேலைக்காரரே' என்று கேட்டால், அது தம்மை நோக்கிய கட்டளை என்றே கொள்வார். அடிமைச் சமூகத்தின் ஒழுங்குவிதி, ஒரு சொல் மாற்றத்தால், கூலித் தொழிலாளியின் கடமையாகிவிடுகிறது. சங்கத்தில் சேரத் தயங்கும் அவர் அஞ்சுவது ஆண்டவரின் எழுத்துக்கு அன்று, மொழிபெயர்ப்பாளரின் எழுத்துக்கு.

ஆயினும் தாராளவாத விமர்சனத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளம் வந்ததா, சூரியன் நின்றதா என்று கேட்பதோடு அது நின்றுவிடக்கூடும். யாருடைய நலனுக்காக இவ்வசனம் வாசிக்கப்படுகிறது என்ற கேள்வி அடித்தட்டிலிருந்தே எழுந்தது. அர்விந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலுக்கு அடிகோலினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையே இறையியலின் மொழியாக்கினார். சபைக்குள்ளேயே சாதிக்கொரு கல்லறை இருந்த மண்ணில் அவர்களின் வாசிப்பு எழுந்தது.

கிறிஸ்தவர்கள்மீது சங் பரிவாரம் தாக்குதல் தொடுக்கும் காலத்தில் இவ்விமர்சனம் தேவையா எனச் சிலர் கேட்கலாம். வழிபாட்டு உரிமையைக் காப்பதில் நமக்கு இம்மியளவும் தயக்கம் கூடாது. அவ்வுரிமைக்காக உடன் நிற்பவருக்கே கேள்வி கேட்கும் தகுதியும் உண்டு.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மதத்தை அபின் என்ற மார்க்சின் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பத்தியில் அதை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்றும் அவர் கண்டதை மறக்கும் தோழர்கள், எழுத்துக்கு எழுத்து வாசிக்கும் போதகர்களிடமிருந்து அதிகம் வேறுபட்டவர்கள் அல்லர். சான்பாடாவின் ஜெபக்கூட்டத்திலிருந்து வெளிவரும் தொழிலாளியிடம் உமது நூல் பொய் என்று சொல்வதால் பயனில்லை. அவ்வசனம் யாருக்கு, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்று அவரோடு அமர்ந்து கேட்போம். கேள்வி அவருடையதாகும்போது, சங்கத்தின் கதவும் அவருக்குத் திறக்கும்.